தேதி இல்லாத பசி

"கிராமத்து மக்களின் ஊட்டச்சத்தைப் பற்றி உள்ளூர்ப் பத்திரிகைகள் எப்படி எழுதுகின்றன? ஓர் ஆண்டு இதழ்களைச் சேர்த்து வைத்து ஆராயப் போகிறேன். எதைத் தேடுவது?" இதழியல் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. உள்ளூர் நாளிதழ் ஒன்றில் பதினொரு ஆண்டுகள் துணை ஆசிரியராக இருந்தவன் நான். கிராமத்து நிருபர்கள் அனுப்பும் செய்திகளைத் திருத்திப் பக்கத்தில் ஏற்றுவதுதான் வேலை. அந்த அனுபவத்திலிருந்தும் பிறகு படித்துத் தெரிந்துகொண்டதிலிருந்தும் பதில் சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

உள்ளூர்ப் பத்திரிகைகள் இதைக் கண்டுகொள்வதே இல்லை என்ற முடிவோடு தேடப் போனால் ஏமாந்துபோவீர்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று செய்தியாவது கைக்குச் சிக்கும். அத்தனையையும் வெட்டி மேசையில் பரப்பிப் பாருங்கள். ஏறக்குறைய எல்லாமே விழா, சாவு, குறிப்பு என்று மூன்று குவியலாகப் பிரிந்துவிடும். தொடக்க விழாவும் பேரணியும் ஒரு குவியல். குழந்தை இறந்தது, பள்ளியில் சாப்பிட்டவர்கள் மயங்கி விழுந்தது போன்றவை இன்னொன்று. 'ரத்தசோகையை விரட்டும் ஐந்து உணவுகள்' வகையறா மூன்றாவது. ஒரு கிராமத்துக் குழந்தை ஆறாம் மாதத்திலிருந்து இரண்டாம் பிறந்தநாள் வரை மெல்ல மெல்லப் பின்தங்கிப் போகிறதே, அது இந்த மூன்றிலும் சேராது. அதைப் பத்திரிகையில் பார்ப்பது அரிது. ஏன் அரிது என்பதைக் கண்டுபிடித்தால் உங்கள் ஆய்வில் பாதி முடிந்த மாதிரி.

விழாச் செய்தியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதுதான் எண்ணிக்கையில் அதிகம். ஐந்து பத்திச் செய்தி என்றால் நான்கு பத்திகள் பெயர்ப்பட்டியல். தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர், வரவேற்றவர், நன்றி கூறியவர். உணவைப் பெற்றுக்கொண்டவர்கள் மட்டும் 'பயனாளிகள்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிவிடுவார்கள். நிருபரை இதற்காகக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. கிராமத்து நிருபர்களில் பெரும்பாலானவர்கள் பகுதிநேரம். அச்சான செய்திக்குத்தான் காசு, பெட்ரோல் சொந்தச் செலவு. விழாவுக்கு அழைப்பு வருகிறது, செய்திக்குறிப்பு தயாராகக் கிடைக்கிறது, படம் எடுக்க எல்லோரும் வரிசையாக நிற்கிறார்கள். அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். குடிசை குடிசையாகப் போய் நேற்று இரவு என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்க இரண்டு நாள் ஆகும், அதற்கும் அதே காசுதான்.

ஒரு படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். குழந்தைகளுக்கு எடை பார்க்கும் முகாம் ஒன்றின் தொடக்க விழா. சிறப்பு விருந்தினர் சிரித்தபடி ஒரு பெண் குழந்தையைத் தராசுத் தொட்டிலில் உட்கார வைக்கிறார். மேலே வட்ட முகப்பு, அதில் முள். படம் அகலமாக இருந்தது, எனக்கு இரண்டு காலம் (பக்கத்தின் நெடுக்குப் பகுதி) அகலத்தில் வேண்டியிருந்தது. விருந்தினர் முகம் பெரிதாகத் தெரியட்டும் என்று மேற்பக்கத்தை வெட்டினேன். முகப்போடு முள்ளும் போய்விட்டது. வெட்டுவதற்கு முன் திரையில் பெரிதாக்கிப் பார்த்தது மட்டும் நினைவில் தங்கிவிட்டது: முள் ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே நின்றது. நிருபரின் படக்குறிப்பில் 'இரண்டு வயதுக் குழந்தை' என்று இருந்தது. பல ஆண்டுகள் கழித்து, உலக சுகாதார அமைப்பு 2006இல் வெளியிட்ட வளர்ச்சி அளவுகளைப் படிக்க நேர்ந்தது. இரண்டு வயதுப் பெண் குழந்தையின் நடுவளவு எடை 11.5 கிலோ. 9 கிலோவுக்குக் கீழே இருந்தால் எடைக்குறைவு. 8.1 கிலோவுக்கும் கீழே போனால் கடுமையான எடைக்குறைவு. அன்றைய செய்தி அந்த முள்ளில்தான் இருந்திருக்கிறது. அதை வெட்டி எறிந்துவிட்டு விழாவை அச்சிட்டேன். விருந்தினர் குழந்தையைத் தூக்கினார் என்பது மறுநாள் ஊருக்கே தெரிந்தது. அந்தக் குழந்தைக்கு மறுநாளே சிகிச்சை தேவைப்பட்டிருக்கலாம் என்பது எங்கள் வாசகர் ஒருவருக்கும் தெரியவில்லை.

என்னிடம் அக்கறை இல்லாமல் இல்லை. அந்தப் படத்தில் முள்தான் செய்தி என்று யாரும் எனக்குக் கற்றுத்தரவில்லை, நானும் தேடிக் கற்கவில்லை. கிலோ கணக்கு எனக்கு மருத்துவர்கள் சமாச்சாரமாகத் தோன்றியது.

இதற்கு ஆழமான காரணம் ஒன்றும் உண்டு. 1965இல் யோஹான் கால்டுங், மாரி ஹோல்ம்போ ரூகே என்ற இரண்டு ஆய்வாளர்கள், வெளிநாட்டு நெருக்கடிகளை நார்வே நாளிதழ்கள் எழுதிய விதத்தை எடுத்துக்கொண்டு, எந்த நிகழ்வு செய்தியாகிறது என்று கேட்டார்கள். அவர்கள் முதலில் வைத்த விதி கால அளவு பற்றியது. நிகழ்வு நடந்து முடியும் நேரமும் பத்திரிகை வெளிவரும் இடைவெளியும் பொருந்தினால் அது செய்தி. பொருந்தாவிட்டால் நழுவிப் போகும். அணை கட்டப்படும் ஆண்டுகள் யார் கண்ணிலும் படாது, திறப்பு விழா படும் என்று அவர்களே எடுத்துக்காட்டினார்கள். ஊட்டச்சத்துக் குறைபாட்டுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். கருவுற்ற நாளிலிருந்து குழந்தையின் இரண்டாம் பிறந்தநாள் வரை ஏறக்குறைய ஆயிரம் நாட்கள். வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் குழந்தை குன்றிப் போவது பெரும்பாலும் இந்தக் காலத்துக்குள் நடந்து முடிகிறது. அந்த ஆயிரம் நாட்களில் ஒரு நாளைக் காட்டி "இன்றுதான் நடந்தது" என்று சொல்ல முடியாது. 2022ஆம் ஆண்டுக்கான ஐ.நா. அமைப்புகளின் மதிப்பீட்டின்படி, உலகில் ஐந்து வயதுக்குட்பட்ட சுமார் 14.8 கோடிக் குழந்தைகள் இப்படிக் குன்றியிருந்தார்கள். உயரத்துக்கேற்ற எடையின்றி மெலிந்து போயிருந்தவர்கள் சுமார் 4.5 கோடி. இத்தனை கோடிக்கும் ஒரு தேதிகூட இல்லை. நாளிதழோ தேதியின் மேல் உட்கார்ந்திருக்கும் பொருள்.

பசி தேதியோடு வந்தால் பத்திரிகை எழுந்து நிற்கும். 1943 வங்காளப் பஞ்சத்தில் அது நடந்தது. கிராமங்களில் மாதக்கணக்கில் மக்கள் செத்துக்கொண்டிருந்தார்கள், அரசு பஞ்சம் என்ற சொல்லை அறிவிக்கவே இல்லை. கல்கத்தாவில் வெளிவந்த 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழின் ஆசிரியர் இயன் ஸ்டீவன்ஸ், ஆகஸ்ட் 22 அன்று பட்டினியால் விழுந்து கிடந்தவர்களின் படங்களை வெளியிட்டார். அதன் பிறகு மறைக்க முடியவில்லை. துணிச்சலான காரியம், சந்தேகமில்லை. ஆனால் அந்தப் படங்கள் நகரத்துத் தெருவில் எடுக்கப்பட்டவை என்பதையும் கவனியுங்கள். கிராமத்துப் பசி கால்நடையாக நடந்து நகரத்துக்கு வந்து விழுந்த பிறகுதான் செய்தியானது. சிறுவனாக அந்தப் பஞ்சத்தைக் கண்ட அமர்த்திய சென், சுதந்திரமான பத்திரிகை இருக்கும் மக்களாட்சியில் பெரும் பஞ்சம் நேர்வதில்லை என்று பின்னாளில் வாதிட்டார். அதை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அதே வாதத்தின் மறுபாதியைக் காட்டுகிறவர்கள் குறைவு: பஞ்சத்தைத் தடுக்கும் அதே பத்திரிகைகள், அன்றாடம் அரைவயிற்றோடு நடக்கும் வாழ்க்கையை அசைத்துப் பார்ப்பதில்லை என்றும் அவர் சொன்னார். உங்கள் ஆய்வுக்கு இந்த மறுபாதிதான் முக்கியம்.

உள்ளூர்ப் பத்திரிகைக்கென்றே இன்னொரு தடை உண்டு. ஊர்க் கௌரவம். இதை விளக்க அமெரிக்காவின் பெல்லாக்ரா கதையைவிடச் சிறந்தது எனக்குத் தெரியவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கத் தென்மாநிலங்களில் பருத்தி விளையும் கிராமங்களிலும் நூற்பாலைக் குடியிருப்புகளிலும் பெல்லாக்ரா என்ற நோய் பரவியிருந்தது. வெயில் படும் இடத்தில் தோல் கறுத்து உரியும், வயிற்றுப்போக்கு நிற்காது, முற்றினால் புத்தி பேதலிக்கும், கடைசியில் சாவு. தொற்றுநோய் என்றே பெரும்பாலான மருத்துவர்கள் நம்பினார்கள். 1914இல் அரசுச் சுகாதாரத் துறை மருத்துவர் ஜோசப் கோல்ட்பெர்கரை அனுப்பியது. அநாதை இல்லங்களுக்கும் மனநல விடுதிகளுக்கும் போன அவர், உள்ளே இருப்பவர்களுக்கு நோய் வருகிறது, அவர்களோடு பழகும் பணியாளர்களுக்கு வருவதில்லை என்பதைக் கவனித்தார். தொற்று என்றால் ஆள் பார்த்தா வரும்? இரு தரப்புக்கும் சாப்பாடு வேறு. பாலும் இறைச்சியும் காய்கறியும் சேர்த்துக் கொடுத்ததும் அந்த இல்லங்களில் நோய் அடங்கியது. 1915இல் மிசிசிப்பிச் சிறைப் பண்ணை ஒன்றில், தாமாக முன்வந்த கைதிகளுக்கு மக்காச்சோளமே பெரும்பகுதியான சாப்பாடு கொடுத்துப் பார்த்தார். பதினொருவரில் ஆறு பேருக்குச் சில மாதங்களில் நோய்க்குறிகள் தோன்றின. அடுத்து, பொருளியல் தெரிந்த எட்கர் சைடன்ஸ்ட்ரிக்கரோடு சேர்ந்து தென் கரோலினாவின் ஆலைக் குடியிருப்புகளில் வீடு வீடாகக் கணக்கெடுத்தார். வருமானம் குறையக் குறைய நோய் கூடியது. சத்தான உணவு கிடைக்கும் சந்தை பக்கத்தில் இருந்த இடங்களில் நோய் குறைந்தது. வாசற்படி வரை பருத்தி நட்டுவிட்டு, மக்காச்சோள மாவும் பன்றிக் கொழுப்பும் வெல்லப்பாகும் கடனுக்கு வாங்கித் தின்று வாழ்ந்த குத்தகை விவசாயியின் நோய் அது.

இனிதான் பத்திரிகைகளின் கதை. 1920இல் பருத்தி விலை சரிந்தது. கையில் காசில்லாமல் போனால் சாப்பாடு இன்னும் மோசமாகும், பெல்லாக்ரா பெருகும் என்று 1921இல் கோல்ட்பெர்கர் எச்சரித்தார். அந்தச் செய்தி நாடெங்கும் போனது. குடியரசுத் தலைவர் ஹார்டிங், தெற்கில் பஞ்சமும் கொள்ளைநோயும் நேருமோ என்று கவலை தெரிவித்துச் செஞ்சிலுவைச் சங்கத்தின் உதவியைக் கோரினார். தென்மாநில அரசியல்வாதிகளும் வணிக அமைப்புகளும் பத்திரிகைகளும் கொதித்து எழுந்தார்கள். பிள்ளைகள் சாப்பாடின்றி நோயில் கிடக்கிறார்கள் என்பதற்காக எழுந்த கோபம் இல்லை அது. எங்கள் மண்ணில் பஞ்சமா, எங்களை இழிவுபடுத்துகிறார்கள், இப்படிப் பேசினால் முதலீடு எப்படி வரும் என்ற கோபம். உதவியே வேண்டாம் என்றார்கள். நோய் விட்டுப் போகவில்லை. 1927இல் மிசிசிப்பி ஆற்றில் பெருவெள்ளம் வந்தது. அப்போது நிலைமையைப் பார்க்க கோல்ட்பெர்கரும் சைடன்ஸ்ட்ரிக்கரும் மறுபடி போனார்கள், செஞ்சிலுவைச் சங்கம் பெல்லாக்ராவைத் தடுக்கும் ஈஸ்ட் தூளைக் கிராமங்களுக்கு விநியோகித்தது. அதே மக்கள், அதே பசி. இம்முறை வெள்ளம் என்ற தேதி இருந்தது. வெள்ளத்துக்கு உதவி வாங்குவதில் யாருக்கும் கௌரவக் குறைவு இல்லை.

இந்தக் கதையை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அந்த ஊர்ப் பத்திரிகை ஆசிரியர்கள் தங்கள் ஊரை நேசித்தவர்களாகவே இருந்திருப்பார்கள். ஊர்ப் பெருமையைக் காக்கிறோம் என்றே நம்பியிருப்பார்கள். பத்திரிகைக்கு விளம்பரம் தருபவர், விழாவுக்குத் தலைமை தாங்குபவர், கோயிலிலோ சந்தையிலோ எதிரே வருபவர் எல்லோரும் ஒரே ஆட்களாக இருக்கும் சிறு ஊரில், "நம் ஊரில் பிள்ளைகள் வளராமல் நிற்கிறார்கள்" என்று எழுதுவது தலைநகரப் பத்திரிகையில் எழுதுவதைவிடக் கடினம். ஆகவே உங்கள் இதழ்களில் பாருங்கள்: ஒரு கணக்கெடுப்பில் மாவட்டம் கடைசி இடத்துக்கு வந்தால், செய்தி அந்தக் கணக்கைப் பற்றி இருக்கிறதா, கணக்கு தவறு என்ற மறுப்பைப் பற்றி இருக்கிறதா?

மறுப்பு என்றதும் சாவுச் செய்திகளுக்கு வருகிறேன். ஒரு குக்கிராமத்தில் அடுத்தடுத்துக் குழந்தைகள் இறந்தால் நிருபர் ஊட்டச்சத்துக் குறைபாடு என்று எழுதுவார். மறுநாள் அதிகாரி மறுப்பார்: "ஊட்டச்சத்துக் குறைபாட்டால் யாரும் இறக்கவில்லை. ஒரு குழந்தைக்கு நிமோனியா, இன்னொன்றுக்கு வயிற்றுப்போக்கு." மூன்றாம் நாள் செய்தி செத்துவிடும். இதில் வேடிக்கையாகத் தோன்றும் உண்மை, இருவரும் சொல்வது சரி என்பதுதான். இறப்புச் சான்றிதழில் பசி அநேகமாக வருவதில்லை. மெலிந்த குழந்தையின் உடல் நோயை எதிர்க்கத் திணறும். வயிற்றுப்போக்கு வந்தால் பசி மந்தமாகும், தின்றதும் தங்காது, எடை இன்னும் இறங்கும். இறங்கிய எடை அடுத்த காய்ச்சலை வரவேற்கும். நன்றாக வளர்ந்த குழந்தை ஒரு வாரத்தில் எழுந்து விளையாடும் அதே நோயில் இந்தக் குழந்தை போய்விடும். உலகில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களின் இறப்புகளில் ஏறக்குறைய 45 சதவீதத்துக்குப் பின்னால் ஊட்டச்சத்துக் குறைபாடு இருக்கிறது என்று உலக சுகாதார அமைப்பு சொல்வது இந்தப் பொருளில்தான். இதைத் தெரிந்த நிருபர் அதிகாரியிடம் "எதனால் இறந்தது?" என்று மட்டும் கேட்டுவிட்டு வரமாட்டார். "கடைசி மூன்று மாதங்களில் அந்தக் குழந்தையின் எடை என்ன? மேற்கையின் சுற்றளவை யாராவது அளந்தார்களா?" என்று கேட்பார். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை உள்ள குழந்தையின் மேற்கை நடுப்பகுதிச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் அது உயிருக்கு ஆபத்தான மெலிவு. அதை அளக்கும் நாடாவில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறமே போட்டிருக்கும். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் பார்த்துச் சொல்லிவிடலாம். 11.5 என்றால் எவ்வளவு என்று தெரிய ஒரு காகிதத் துண்டை அந்த நீளத்துக்கு வெட்டி வளையமாக்கிப் பாருங்கள். எவ்வளவு சிறியது என்று தெரியும். அது ஒரு பிள்ளையின் கை.

படத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மெலிந்த குழந்தையின் முகத்தை முதல் பக்கத்தில் போட்டால் மனம் இளகும், நடவடிக்கை வரும் என்று நாங்கள் நம்பினோம். 1991இல் சாந்தோ ஐயங்கார் என்ற அமெரிக்க ஆய்வாளர் தொலைக்காட்சிச் செய்திகளைக் கொண்டு நடத்திய சோதனைகளை வெளியிட்டார். வறுமையை ஒரு தனி ஆளின் கதையாகக் காட்டினால், பார்ப்பவர்கள் அந்த ஆளையே பொறுப்பாக்கப் பார்க்கிறார்கள். பரவலான நிலைமையாகக் காட்டினால் சமூகத்தையும் அரசையும் நோக்கிக் கேள்வி திரும்புகிறது. நான் கண்டதும் அப்படித்தான். படம் வந்த மறுநாள் டீக்கடையில் கேட்ட முதல் பேச்சு "தாய்க்காரி என்ன செய்துகொண்டிருந்தாளாம்?" என்பது. பெயர் மாற்றப்பட்டுள்ளது என்று அடைப்புக்குறியில் போட்டிருந்தோம். நூறு வீடுகள் உள்ள ஊரில் பெயரை மாற்றி என்ன பயன்? எந்த வீடு என்று எல்லோருக்கும் தெரியும். அந்தத் தாய் அடுத்த எடை பார்க்கும் நாளுக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரவில்லை என்று அங்கே வேலை பார்த்த பெண் பிறகு சொன்னார். நாங்கள் உதவப் போய் ஒரு குழந்தையைத் தராசிலிருந்து விரட்டியிருந்தோம்.

குறிப்புப் பகுதியைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. பெரும்பாலும் எங்கிருந்தோ வாங்கிப் போடுவது. நகரத்து வாசகர் ஒருவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது, அதில் வரும் பொருள் பாதி கிராமத்துக் கடையில் இருக்காது. ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்ததாக வருவதையும் அப்படியே நம்ப வேண்டாம். 2014இல் பிரிட்டனில் பல்கலைக்கழகங்களின் செய்திக்குறிப்புகள் 462ஐ ஆராய்ந்ததில், 40 சதவீதத்தில் ஆய்வுக் கட்டுரை சொன்னதைவிட மிகைப்படுத்திய அறிவுரை இருந்தது. மிகை பத்திரிகை அலுவலகத்துக்கு வரும் முன்பே ஏறிவிடுகிறது. எனக்கு வருத்தம் தருவது வேறு. ரத்தசோகைக்கு இரும்புச்சத்துள்ள உணவைச் சாப்பிடுங்கள் என்று நூறு முறை எழுதியிருக்கிறோம். கொக்கிப்புழு, மலேரியா, அதிக மாதவிடாய்ப் போக்கு, இடைவெளியில்லாத பிரசவங்கள் ஆகியவையும் ரத்தத்தைக் குறைக்கும் என்று எழுதியது அபூர்வம். குறிப்பு எப்போதும் 'நீங்கள் சாப்பிடுங்கள்' என்று அடுப்படியில் நிற்பவளைப் பார்த்தே பேசுகிறது. கூலியை நிர்ணயிப்பவரையோ, கழிப்பறை கட்டாதவரையோ, கிட்டங்கியைத் திறக்காதவரையோ பார்த்துப் பேசுவதில்லை. அதே பக்கத்தின் அடியில் என்ன விளம்பரம் வருகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். தாய்ப்பாலுக்கு மாற்றாக விற்கப்படும் பால்மாவுகளைப் பொதுமக்களுக்கு விளம்பரம் செய்யக் கூடாது என்று 1981இல் உலக சுகாதாரப் பேரவை ஒரு நெறிமுறையை ஏற்றது. சர்க்கரை மிகுந்த பானங்களுக்கு அப்படி எந்த உலகளாவிய நெறிமுறையும் குறுக்கே நிற்கவில்லை.

பசி என்றால் மெலிவு என்று மட்டும் தேடினால் பாதியைத் தவறவிடுவீர்கள். 2019இல் 'நேச்சர்' ஆய்விதழில் 11 கோடிக்கும் மேற்பட்டவர்களின் உடல் அளவுகளைத் தொகுத்த ஓர் ஆய்வு வந்தது. 1985க்கும் 2017க்கும் இடையே உலகில் கூடிய சராசரி உடல் எடைக் குறியீட்டில் (உயரத்தோடு ஒப்பிட்ட எடையின் அளவு) பாதிக்கும் மேல் கிராமங்களில் கூடியது என்று அது கண்டது. உடல் பருமன் நகரத்து வியாதி என்ற எண்ணத்தை உடைத்த ஆய்வு. உடலுழைப்பு குறைந்து, பொட்டலத் தீனி கடைசிக் கிராமம் வரை போய்ச் சேர்ந்துவிட்டது. குன்றிய குழந்தையும் பருத்த தாயும் ஒரே வீட்டில், இருவருக்கும் நுண்சத்துக் குறைவு. இந்த வீட்டை உள்ளூர்ப் பத்திரிகையில் நான் ஒருமுறைகூடப் படித்ததில்லை. நானும் எழுதவைக்கவில்லை.

யார் எழுதுகிறார்கள் என்பதும் செய்தியை மாற்றும். வட இந்தியாவின் புந்தேல்கண்ட் பகுதியில் சித்ரகூட்டிலிருந்து 2002இல் 'கபர் லஹரியா' என்ற பத்திரிகை வரத் தொடங்கியது, அதற்குக் கிராமத்துப் பெண்களே செய்தி சேகரித்து எழுதினார்கள். பலர் தலித் பெண்கள், பள்ளிப்படிப்பு குறைந்தவர்கள். 2009இல் யுனெஸ்கோவின் எழுத்தறிவுப் பரிசு அதற்குக் கிடைத்தது. பிறகு இணையத்துக்கு மாறிவிட்டது. ஆண் நிருபர் திண்ணையோடு நின்று வீட்டுக்காரரிடம் பேசிவிட்டு வருவார், பெண் நிருபரால் அடுப்படி வரை போக முடியும். வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது யார், பானையில் மிச்சம் என்ன இருந்தது என்ற விவரம் திண்ணைக்கு வராது. உங்கள் பட்டியலில் நிருபர் ஆணா பெண்ணா என்று ஒரு பத்தி போடுங்கள்.

நல்ல செய்தி எப்படி இருக்கும் என்று கேட்பீர்கள். நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் பகுதிநேர நிருபர் ஒருவர், அதிகம் பேசாதவர், ஒரு கிராமத்துக் குழந்தைகள் மையத்துக்கு எடை பார்க்கும் நாளில் போனார். செய்தி எதுவும் அனுப்பவில்லை. அடுத்த மாதமும் அதே நாளில் போனார். மூன்றாம் மாதம் பதிவேட்டைப் பார்க்கக் கேட்டார். பெயர்களை மறைத்துக்கொண்டு எடைகளை மட்டும் குறித்துவந்து என் மேசையில் வைத்தார். பதினெட்டுக் குழந்தைகள். ஐந்து மாதங்களாக ஒவ்வொரு குழந்தையும் மாதம் சரியாக 200 கிராம் கூடியிருந்தது. ஒரு குழந்தைக்குக்கூட இறங்கவில்லை, ஒரு குழந்தைக்குக்கூட 250 கூடவில்லை. காய்ச்சலே வராத பதினெட்டுக் குழந்தைகள் எந்த ஊரிலும் கிடையாது. விசாரித்தால் தராசு ஐந்து மாதங்களுக்கு முன்பே பழுது. மையத்தில் இருந்த பெண் மூன்று முறை எழுதிக் கேட்டிருக்கிறார், புதிதாக வரவில்லை. மேலிடத்துக்கு மாதா மாதம் அறிக்கை போக வேண்டுமே, கையால் நிரப்பியிருக்கிறார். நிருபர் அவரைக் குற்றவாளியாக்காமல் எழுதினார். கேட்ட கடிதங்களின் தேதிகளைப் போட்டார். தராசு பழுதான தேதியைப் போட்டார். எட்டாம் பக்கத்தில் ஒற்றைக் காலத்தில் வந்தது. பத்து நாளில் தராசு வந்துவிட்டது.

கதை அங்கே முடியவில்லை. புதிய தராசில் எடை பார்த்ததும் உண்மை எடைகள் வந்தன. அந்த மையத்தின் எடைக்குறைவுக் கணக்கு ஒரே மாதத்தில் ஏறியது. பத்திரிகை எழுதியதால்தான் ஊருக்குக் கெட்ட பெயர் என்று எங்களுக்குத் தொலைபேசி வந்தது. இன்னொரு பத்திரிகை 'ஊட்டச்சத்துக் குறைபாடு திடீர் உயர்வு' என்று தலைப்பிட்டது. அளவு சரியானதும் எண்ணிக்கை மோசமாகத் தெரியும் என்பதை விளக்கி இரண்டாவது செய்தி எழுதச் சொன்னேன். என் பதினொரு ஆண்டுகளில் நான் சரியாகச் செய்த வேலைகளில் அதை வைத்துக்கொள்கிறேன்.

ஆகவே உங்கள் ஓர் ஆண்டு இதழ்களில் செய்தி எத்தனை என்று எண்ணுவதோடு நிறுத்த வேண்டாம். அந்தப் பகுதியில் அறுவடைக்கு முந்தைய மாதங்கள் எவை என்று விவசாயிகளிடம் கேட்டு, செய்திகளை மாதவாரியாக அதன் பக்கத்தில் வையுங்கள். வீட்டில் தானியம் தீர்ந்து கூலியும் கிடைக்காத அந்த மாதங்களில் செய்தி கூடுகிறதா, ஊட்டச்சத்து வாரம் கொண்டாடும் மாதத்தில் கூடுகிறதா என்று தெரிந்துவிடும். ஒவ்வொரு செய்தியிலும் யார் பேசுகிறார் என்று குறியுங்கள். எண் வந்தால், எத்தனை பேரில் அத்தனை என்று சொல்லியிருக்கிறதா, யார் எப்போது அளந்தது என்று இருக்கிறதா என்று பாருங்கள். 'முப்பது குழந்தைகள் பாதிப்பு' என்றால் நாற்பதில் முப்பதா, நானூறில் முப்பதா? மரணச் செய்தி வந்த கிராமத்தின் பெயரை எழுதி வைத்துக்கொண்டு, அந்த ஆண்டு முடிவதற்குள் அந்தப் பெயர் மறுபடி எந்தக் காரணத்துக்காவது வருகிறதா என்று தேடுங்கள். காலிப் பணியிடம், வராத சரக்கு, பழுதான தராசு, திறக்காத மையம் பற்றிய ஒற்றைக் காலச் செய்திகளை ஊட்டச்சத்துச் செய்தி இல்லை என்று தள்ளிவிடாதீர்கள். தேதி இல்லாத பசிக்கு ஓர் உள்ளூர் நிருபரால் தேதி போட முடிந்த இடங்கள் அவைதான்.

படங்களையும் சேர்த்து எண்ணுங்கள். குழந்தையைத் தூக்கிவைத்த படம் எத்தனை, அவற்றில் தராசு தெரிவது எத்தனை, தராசின் முள் தெரிவது எத்தனை என்று மூன்று எண்களாக எழுதுங்கள். முள் தெரியும் படம் ஒன்று கிடைத்தாலும் படக்குறிப்பில் வயதைப் பார்த்துக்கொண்டு, வளர்ச்சி அட்டவணையை எடுத்து வைத்துப் படியுங்கள்.